கைரேகை விழாத கையும் நாம் பார்க்கிற வேலையும்: நியாயமான ஐடி வேலை என்று ஒன்று இருக்கிறதா?

லைன்வீடு7 (கோத்தகிரி) – ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 27. இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தாத்தா டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) சேர்ந்தார். அம்மா முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். நான் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு கடன் செயலி நிறுவனத்தில் நாலு வருடம் டெஸ்டராக (மென்பொருளில் பிழை பிடிக்கும் வேலை) இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கடன் செயலிகள் போனில் இருக்கும் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. எங்கள் செயலியின் புதுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய பதிப்பையே வைத்திருந்தவர்களின் போனிலிருந்து எண்கள் வந்துகொண்டே இருந்தன. பிழை என்று பதிந்தேன். "குறை அல்ல" என்று எழுதி மூடினார்கள். அடுத்து, கடன் வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் பட்டன். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து. அதையும் பதிந்தேன். என் லீட், அதாவது குழுத் தலைவர், கூப்பிட்டு, "பட்டன் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை, பட்டன் நியாயமா என்று பார்ப்பது இல்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம்.

மூன்று மாதம் முன்னால் வேலையை விட்டேன். வீரம் என்றெல்லாம் நினைக்காதீர்கள், தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த வாரம் அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். மழை. மெஷினில் அம்மா வலது கைக் கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. ஆள்காட்டி விரல். விழவில்லை. முந்தானையில் துடைத்து, தலையில் தேய்த்து (எண்ணெய்ப் பசைக்காம்) மறுபடி வைத்தார். பத்து விரலும் முடிந்தது. பின்னால் நின்ற பாட்டி, "கொழுந்து பறிக்கிற கைக்கு ரேகை ஏதுடி" என்று சிரித்தார். கடைக்காரர் நல்ல மனிதர், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார். அவர் லீவு போட்டு வேறு ஆள் வந்திருந்தால்?

அந்த மெஷினையும் என்னை மாதிரி ஒரு டெஸ்டர்தான் பார்த்திருப்பார். யாருடைய விரலை வைத்துப் பார்த்தார் என்பதுதான் ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடுகிறது.

கேள்வி இதுதான். மனசாட்சியோடு செய்கிற தொழில்நுட்ப வேலை என்று தனியாக ஒன்று உண்டா? என்ன படிக்க வேண்டும்? சோறு போடுமா? மலையிலிருந்தே செய்ய முடியுமா? கல்விக்கடன் இன்னும் மூன்று லட்சம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குன்னூர்_குளிர் (இப்போது பெங்களூர்) – ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, முதலில் கடனை அடைக்கும் வழியைப் பாருங்கள். மூன்று லட்சம் பாக்கி இருக்கும்போது மனசாட்சிக்கும் வட்டி ஏறும்.

கசப்பாகத்தான் சொல்கிறேன், பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். நெறிமுறைக் குழு, பொறுப்பான ஏஐ குழு என்று பெயர்ப்பலகை மாட்டுவது காசு புழங்கும் காலத்தில். கை கொஞ்சம் இறுகினால் முதல் கத்தரி அங்கேதான். 2022 நவம்பரில் ட்விட்டரில் அந்தக் குழுவைக் கலைத்தார்கள். 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்டிலும் ஒரு நெறிமுறைக் குழு மொத்தமாகப் போனது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி. நம் ஊர் ஸ்டார்ட்அப்பில் அந்த நாற்காலியை நம்பி உட்காரப் போகிறீர்களா?

நல்ல சம்பளம் வாங்கி, அதில் ஊருக்கு நாலு நல்லது செய்யுங்கள். அது போதும்.

திரைவாசிப்பான் (குன்னூர்) – திங்கள், காலை 7.10

குளிர் அண்ணா சொன்னதில் பாதி சரி. பெயர்ப்பலகையைத் தேடிப் போகாதீர்கள். சட்டம் எங்கே கழுத்தைப் பிடிக்கிறதோ அங்கே போங்கள், அந்த வேலையை அவ்வளவு சுலபமாகக் கலைக்க முடியாது.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இணையதளங்களும் செயலிகளும் எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பதுதான் தொழில். அணுகல்தன்மை சோதனை என்று சொல்வார்கள். ஆறு வருடமாகச் செய்கிறேன், நாலு வருடமாக வீட்டிலிருந்தே. பெட்போர்டுக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் கரண்ட் போவதைத் தவிரப் பெரிய தொல்லை கிடையாது.

ஒரு வங்கிச் செயலி கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லும். உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கிறதாம். நான் சிமிட்டினால் அதற்குப் புரியாது, முகத்தை வட்டத்துக்குள் கொண்டு வா என்று சொன்னால் எந்த வட்டம் என்று எனக்குத் தெரியாது. நான் உயிரோடு இல்லை என்று அந்தச் செயலி மூன்று தடவை முடிவு கட்டியது. அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் இதே சிக்கலோடு உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லி, கேஒய்சி முறையை மாற்ற 20 உத்தரவுகள் போட்டார்கள். அதே வருடம் ஜூலையில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தன் கீழ் வரும் நிறுவனங்கள் எல்லாம் தளங்களைச் சரிசெய்து தணிக்கை வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது தணிக்கை என்றதும் ஓடி வருகிறார்கள்.

உங்களுக்கு நாலு வருட டெஸ்டிங் கை இருக்கிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை இறக்குங்கள், இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் தொடங்கியது. விலைக்கு விற்ற மென்பொருள் கட்டுப்படியாகாததால் தாங்களே எழுதினார்கள். அதைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, எந்தத் தளத்திலாவது ஒரு பஸ் டிக்கெட் போட்டுப் பாருங்கள். முதல் நாள் அழுகை வரும். இரண்டாம் வாரம் பிழை கண்ணில் படும். (என் வாயால் இதைச் சொல்வது வேடிக்கைதான்.) அப்புறம் டபிள்யூசிஏஜி 2.2 என்ற உலக அளவிலான அணுகல்தன்மை விதிகளைப் படியுங்கள். சாம்பல் மேல் சாம்பல் பட்டன் என்றீர்களே, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 ஒளி வித்தியாசம் வேண்டும் என்று அதில் எண்ணாகவே போட்டிருக்கிறது. நியாயமா என்று லீடிடம் வாதாடத் தேவையில்லை, எண்ணைக் காட்டினால் போதும்.

கட்டபெட்டு_கணக்கன் – திங்கள், பகல் 1.30

சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன், இதுவும் நீளம்தான்.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கோர்ஸிலும் இது கிடையாது.

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) எல்லோரும் சிறு விவசாயிகள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை. பறித்த பச்சைத் தேயிலையை ரோட்டோரம் ஏஜெண்ட் எடை போட்டு எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு அனுப்புவார். ஈரக் கழிவு, சாக்குக் கழிவு என்று பென்சிலில் கழித்துக்கொண்டே போவார். மாதம் முடிந்து பணம் வரும்போது யாருக்கும் கணக்கு நினைவிருக்காது. என் அப்பா வாழ்நாள் முழுக்க அந்தப் பென்சிலைத் திட்டியே போய்ச் சேர்ந்தார்.

ஐடி வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் நான் முதலில் எழுதியது அதற்கான செயலிதான். தராசிலிருந்து எடை நேராக ஏறும், கழிவு எவ்வளவு என்று தனியாகக் காட்டும், உடனே விவசாயி போனுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போகும். ஏமாற்ற வழியே கிடையாது. இரண்டு ஏஜெண்ட்கள் ஒப்புக்கொண்டார்கள். முதல் மாதம் என்னைத் தோளில் தூக்காத குறை.

இரண்டாம் மாதம் ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். "உன் மெசேஜை நிறுத்து" என்றார். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். கடைசியில் என் மனைவிதான் விளக்கினாள், என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு. கொழுந்து பறிப்பது பெண்கள். ஏஜெண்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள்தான். நாற்பது கிலோ போட்டால் முப்பத்தாறு என்று வீட்டில் சொல்லி, நாலு கிலோ காசைத் தனியாக வாங்கி முடிந்துவைப்பார்கள். சிறுவாடு. பிள்ளைக்குப் பரீட்சை ஃபீஸ், தாய் வீட்டுச் சாவுக்குப் பஸ் காசு, எல்லாம் அதில்தான். போனோ வீட்டுக்காரர் கையில். நான் கிலோக் கணக்கைத் துல்லியமாக அவருடைய போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஏஜெண்ட்டின் திருட்டைப் பிடிக்கப் போய் ஹட்டியில் இருக்கும் எல்லாப் பெண்களின் சிறுவாட்டையும் பிடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு வீட்டில் அடிதடி வரை போனது என்று பிறகு தெரிந்தது.

இப்போது எஸ்எம்எஸ் கிடையாது. எடை போடும் இடத்திலேயே ஒரு சின்னத் துண்டுச் சீட்டு அடித்து, கொண்டுவந்தவர் கையில் கொடுக்கிறோம். அதை வீட்டில் காட்டுவதும் அடுப்பில் போடுவதும் அவர் இஷ்டம். சீட்டு எத்தனையாகப் பிரித்து வேண்டும் என்றும் கேட்போம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பின்னோக்கிப் போயிருக்கிறேன். ஏஜெண்ட்டின் பென்சில் மட்டும் ஒழிந்தது.

குன்னூர்_குளிர் – திங்கள், பகல் 2.05

கணக்கன், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணவனிடம் கணக்கை மறைக்க உதவும் செயலி என்று ஒருவர் உங்கள் மேல் புகார் கொடுத்தால்? வெளிப்படைத்தன்மை என்றுதானே எல்லோரும் கத்துகிறோம்? உங்கள் இஷ்டத்துக்கு யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்வதற்குப் பெயர் நெறிமுறையா?

கட்டபெட்டு_கணக்கன் – திங்கள், பகல் 2.40

நான் யாருக்கும் மறைக்கவில்லையே. எடை போட்டவர் கையில் சீட்டு கொடுக்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டு உங்கள் அண்ணன் போனுக்குப் போனால் சும்மா இருப்பீர்களா? ஆனாலும் உங்கள் கேள்வி நியாயம்தான். எனக்கு அதற்கு முழுப் பதில் இல்லை. அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை முன்னால் கேட்டிருக்கலாம் என்பது மட்டும் தெரியும். பயனர் ஆய்வு என்று நான் பேசியதெல்லாம் ஆண்களிடம்தான், டீக்கடை பெஞ்சில்.

ஊட்டி_உருளை – திங்கள், மாலை 5.15

தொழில்நுட்பம் என்றால் முதலில் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கான இந்த இ-பாஸை நிறுத்தச் சொல்லுங்கள். வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று கணக்கு வைத்ததில் எங்கள் லாட்ஜ் தொழில் படுத்துவிட்டது. வருகிறவன் போன் நம்பரெல்லாம் எதற்கு?

மட்டுறுத்துநர் – திங்கள், மாலை 6.00

இ-பாஸ் பற்றி வந்த பதினோரு பின்னூட்டங்களை அதற்கான தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இ-பாஸ் தொடங்கிய 2024 மே 7ஆம் தேதியிலிருந்து அங்கே அதே சண்டைதான் நடக்கிறது, போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இங்கே வேலை பற்றி மட்டும்.

கூடலூர்_மழை – திங்கள், இரவு 8.50

தங்கச்சிக்கு வணக்கம். பழங்குடி மக்களோடு சுகாதார வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கம்ப்யூட்டர் எனக்கு எக்செல் வரைதான். ஆனால் உங்களைப் போன்ற பிள்ளைகள் எழுதும் மென்பொருள் எங்கள் மேல்தான் வந்து விழுகிறது, அதனால் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு பதிவுச் செயலி வந்தது. கடைசிப் பெயர் கட்டாயம். பணியர் பழங்குடிப் பாட்டி ஒருவருக்கு ஒரே பெயர், அதுவும் மூன்றெழுத்து. பிள்ளைகள் பாட்டியின் பெயரையே இரண்டு தடவை போட்டார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. எங்கள் பதிவேட்டைப் பார்த்தால் கூடலூர், பந்தலூர் தாலுகாவில் பாதி ஜனம் புத்தாண்டு அன்றுதான் பிறந்திருக்கிறது. சிரிப்பாக இருக்கும். வேறொரு அலுவலகத்தில் இந்தப் பட்டியலையும் ஆதாரையும் ஒப்பிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று உதவித்தொகை நிற்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

இன்னொன்று, அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனை. எங்கள் பகுதியில் இது பழைய பிரச்சினை. இங்கே இருக்கும் ஆதிவாசி மருத்துவமனை 1990இலிருந்து நடக்கிறது, பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்சி கொடுத்து வளர்த்த இடம். 2023 ஜூலையில் தேசிய அளவில் திட்டம் தொடங்கி, சோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அட்டையில் இருப்பது ஒரு ஆளின் விவரம் மட்டும் இல்லை. அண்ணன், தங்கை, பிறக்கப்போகிற குழந்தை, ஏன், மொத்தக் குடியின் விவரமும் அதில் இருக்கிறது. "அந்த வீட்டில் பெண் எடுக்காதே" என்று பேச்சு கிளம்ப ஒரு எக்செல் பக்கம் வாட்ஸ்அப்பில் போனால் போதும். ஒப்புதல் படிவத்தில் ஒருவர் கைநாட்டு வாங்கிவிட்டால் சம்மதம் ஆகிவிட்டது என்று மென்பொருள் நினைக்கிறது. இங்கே சம்மதம் என்பது நாலு தடவை பாடிக்கு (பழங்குடிக் குடியிருப்பு) போய், மூப்பரோடும் பாட்டிகளோடும் உட்கார்ந்து, கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடித்து, அவர்கள் மறுத்தால் எழுந்து வருவது. தொல்குடிகளின் தரவு பற்றி 2019இல் உலக அளவில் வகுத்த கேர் கொள்கைகள் என்று ஒன்று உண்டு. அதில் பாதி இந்தக் கட்டன் சாயாவைத்தான் வேறு சொற்களில் சொல்கிறது.

யானைக்குக் கேமரா வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுக்கரையில் ரயில் பாதையோரம் 2024 பிப்ரவரியில் 12 கோபுரம் வைத்து, யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தால் எச்சரிக்கிறார்கள். உயிர் காக்கிற வேலை. அதே கேமரா காட்டுக்குள் போனால் கதை மாறும். உத்தராகண்ட் கார்பெட் காட்டுப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2024 நவம்பரில் வெளிவந்தது. விறகுக்குப் போகும் பெண்கள் உரக்கப் பேசிப் பாடிக்கொண்டு போவது வழக்கம், விலங்குகள் விலகிப் போகட்டும் என்று. கேமரா வந்ததும் யாரோ பார்க்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்கள். விலங்குக்கு எதிரே போய் நிற்கும் ஆபத்து அதனால் கூடியது.

வால்பாறையில் வேறு மாதிரி செய்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்த குமார் குழு. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, அப்புறம் எஸ்எம்எஸ், அப்புறம் உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும், போனிலிருந்தே எரிய வைக்கலாம். லைன் வீட்டுக்குப் போகிறவர் எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பைப் பார்த்துப் புரிந்துகொள்வார். 2015இல் ஆனந்த குமாருக்கு விட்லி என்ற வன உயிர்ப் பாதுகாப்பு விருது கிடைத்தது. எனக்கு அந்த விளக்கு ரொம்பப் பிடிக்கும். அது யாரையும் படம் பிடிப்பதில்லை.

டீக்கடை_டெவலப்பர் (ஊட்டி) – திங்கள், இரவு 9.30

அக்கா, நான் 22, ஃபைனல் இயர். கோர்ஸ், சான்றிதழ் என்று எதையும் வாங்குவதற்கு முன்னால் திறந்த மூலத் திட்டங்களில் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) கை வையுங்கள் என்பேன். அவுட்ரீச்சி என்று ஒன்று உண்டு, மூன்று மாதம், வீட்டிலிருந்தே, உதவித்தொகை டாலரில். தொழில்நுட்பத்தில் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கு என்றே நடத்துகிறார்கள்.

நான் தொடங்கியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடத்தில். 2024 ஜனவரியில் கூடலூரில் கூகுள் மேப்பை நம்பி வந்த கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? அந்தச் செய்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கள் தெருப் படிக்கட்டுகள் வரைபடத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தேன். நாலு இடத்தில் ரோடு என்று போட்டிருந்தது. உட்கார்ந்து "படிகள்" என்று மாற்றினேன். கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, சுற்றுலா வண்டி அந்த வழியாக இறங்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். சம்பளம் பத்துப் பைசா இல்லை. ஆனால் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் என்னிடம் கேட்டது இதைப் பற்றித்தான், மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

முஞ்சிக்கல்_மேடு (கொடைக்கானல்) – செவ்வாய், காலை 6.20

மகளே, நான் ஐடிக்காரன் இல்லை. வயது 64. ஆனால் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 1980களில் வந்தது. யாரைக் கேட்டாலும் நல்ல வேலை என்பார்கள். சுத்தமான கட்டடம், நேரத்துக்குச் சம்பளம். செய்கிற பொருளோ காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். இதைவிட சமூகப் பொறுப்பான பொருள் ஏதாவது உண்டா? என் சிநேகிதர்கள் பெருமையாகப் போனார்கள். 2001இல் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் டன் கணக்கில் இங்கே முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிய வந்தது. அதே வருடம் தொழிற்சாலையை மூடினார்கள். பாதரசம் உடம்புக்குள் என்ன செய்திருக்கிறது என்று தொழிலாளிகள் கோர்ட்டுக்கு நடந்தது எத்தனை வருடம் தெரியுமா? 591 பேரோடு நிறுவனம் உடன்படிக்கை போட்டபோது 2016 ஆகிவிட்டது. அதைப் பார்க்காமலே போனவர்கள் உண்டு.

நீ நல்ல பொருள் செய்யும் கம்பெனி எது என்று தேடுகிறாய் போலிருக்கிறது. பள்ளிக்கூட ஆப், ஆஸ்பத்திரி ஆப் என்று. பொருளை மட்டும் பார்த்து ஏமாறாதே. கழிவு எங்கே போகிறது என்று பார். உங்கள் தொழிலில் கழிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

என் மகன் சொல்வான், இங்கிலாந்துத் தபால் நிலையக் கணக்கு மென்பொருள் பற்றி. ஹொரைசன். கம்ப்யூட்டர் காட்டிய பொய்க் கணக்கை நம்பி, 900க்கும் மேற்பட்ட அஞ்சலகக்காரர்களைத் திருடர் என்று தண்டித்தார்கள். தண்டனைகளை ரத்து செய்யச் சட்டமே போட வேண்டி வந்தது, 2024இல். கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று அடித்துச் சொன்னவர்களுக்கும் நல்ல சம்பளம்தான் இருந்திருக்கும்.

குன்னூர்_குளிர் – செவ்வாய், பகல் 12.15

முஞ்சிக்கல் ஐயா, வணக்கம். என் பெரியப்பா அங்கேதான் வேலை பார்த்தார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சரி தங்கச்சி, என் முதல் பதிலைக் கொஞ்சம் திருத்துகிறேன். சந்தைக் கண்ணோடுதான், எனக்கு அதுதான் தெரியும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம், அதாவது 2027 மே. மீறினால் அபராதம் 250 கோடி வரை போகும். நெறிமுறை என்றால் கொட்டாவி விடும் நிர்வாகம் 250 கோடி என்றதும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறது. எங்கள் ஆபீஸிலேயே எந்தத் தகவல் எங்கே கிடக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் கிடைக்காமல் அலைகிறோம். வக்கீல்களுக்குச் சட்டம் தெரிகிறது, பழைய பதிப்பு போனிலிருந்து எண்கள் இன்னும் வருகின்றன என்பது தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது. ஐயா கேட்ட கழிவு அதுதான், நீங்கள் ஏற்கெனவே அதைப் பார்த்துவிட்டீர்கள்.

அந்தச் சாம்பல் பட்டனும் அப்படித்தான். மக்களை ஏமாற்றும் திரை வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியல் போட்டு 2023 நவம்பரிலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய கம்பெனி பற்றி ஏதாவது செய்ய நினைத்தால், உள்ளேயிருந்து ஒரு கோப்பைக்கூட வெளியே எடுத்து வராதீர்கள். ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறியது உண்மை. அது அரசு ஊழியர் மீதான புகாருக்குத்தான். தனியார் கம்பெனி ஊழியருக்கு அதில் குடை கிடையாது. நீங்கள் எழுதிய மின்னஞ்சல், எழுதிய தேதி, கிடைத்த பதில் எல்லாவற்றையும் உங்கள் நோட்டில் உங்கள் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். "மேலிடம் சொன்னது, எழுதினேன்" என்பது எப்போதும் காப்பாற்றாது. ஃபோக்ஸ்வேகன் கார்களின் புகைச் சோதனையை மென்பொருளால் ஏமாற்றிய மோசடியில் ஒரு பொறியாளருக்கு 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதம் கொடுத்தது.

லைன்வீடு7 – செவ்வாய், இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கணக்கன் அண்ணாவின் சிறுவாட்டுக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "உங்க அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டாதே" என்றார். ஆக நம் வீட்டிலும் உண்டு.

திரைவாசிப்பான் அண்ணா, மானிட்டரை அணைத்துவிட்டு டிக்கெட் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடம். இருக்கை தேர்வு செய்யும் இடத்தில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. தோற்று எழுந்து வந்தேன். அழவில்லை, ஆனால் கோபம் வந்தது. அது நல்ல அறிகுறியா?

முடிவு என்று பெரிதாக இல்லை. கடனுக்காக ஒரு வருடம் சம்பள வேலை, அணுகல்தன்மை அல்லது தரவுப் பாதுகாப்புப் பக்கம். முடிந்தால் வீட்டிலிருந்து, இல்லாவிட்டால் மறுபடி பெங்களூர். கூடலூர் அக்கா, மாதம் ஒரு ஞாயிறு அந்தப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க வந்து உட்காரலாமா? மென்பொருள் எதுவும் கொண்டுவரவில்லை, சும்மா பார்க்க. கட்டன் சாயா போதும்.

இன்றைக்கு ஒன்று எழுதினேன். டெஸ்ட் கேஸ் என்று தலைப்பு போட்டு, வேலையில் எழுதுவது மாதிரியே. பயனர்: முப்பது வருடம் கொழுந்து பறித்த கை. வானிலை: மழை. சிக்னல்: ஒரு கோடு. போன்: வீட்டில் வேறொருவரிடம். பெயர்: ஒன்றே ஒன்று. கடைக்காரர்: புதியவர். "எதிர்பார்க்கும் விளைவு" என்ற கட்டத்தில் அரிசி கிடைக்க வேண்டும் என்று எழுதினேன். எப்படி என்ற கட்டம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.

கூடலூர்_மழை – செவ்வாய், இரவு 10.40

வாங்க. ஆனால் முதல் ரெண்டு மாதம் பட்டியலைத் திறக்க மாட்டேன். பாட்டிகளோடு உட்கார்ந்தால் போதும்.

கட்டபெட்டு_கணக்கன் – செவ்வாய், இரவு 11.15

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றால் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் எடை போடும் இடத்துக்கு வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், கேள்வியை அவர் கேட்கட்டும். குடை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே நிழற்கூரை ஒழுகும்.